பெஞ்சைப் பார்த்த கூட்டம்

"இந்தத் தடவையும் நாலாவதுதானா?"

சாம்பல் நிறத் தொப்பிக்காரர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தடித்த கண்ணாடிக்காரர்தான் பதில் சொன்னார்.

"வாயைக் கழுவுய்யா. இன்னும் பந்தே தள்ளல."

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம். 2025 டிசம்பர் 10, புதன்கிழமை சாயங்காலம். ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பையின் கடைசி நாள். முதல் முறையாக 24 அணிகள் வந்து, சென்னையும் மதுரையும் பங்குபோட்டு நடத்திய பந்தயம் இது. இனி மிச்சம் இரண்டு ஆட்டங்கள்தான். முதலில் வெண்கலத்துக்கு இந்தியாவும் அர்ஜென்டினாவும். அது முடிந்ததும் தங்கத்துக்கு ஜெர்மனியும் ஸ்பெயினும்.

தொப்பிக்காரர் விரலை மடக்க ஆரம்பித்தார். "2021 புவனேஸ்வர், நாலாவது. 2023 கோலாலம்பூர், நாலாவது. அதை விடு. 1996ல இதே கிரவுண்டு, சாம்பியன்ஸ் டிராபி. நீயும் நானும்தானே வந்தோம்? அப்பவும் நாலாவது."

"அது சீனியர் டீமு. அந்தக் கணக்கை ஏன் இந்தப் பசங்க தலையில கட்டுற?"

"கிரவுண்டு அதேதானே?"

"எது அதே கிரவுண்டு? அந்தத் தரையெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி போட்டது இது. கரும்புலேர்ந்து செஞ்சதாம்."

நீலத் தரை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அலுவலக அணிகளுக்காக இந்த ஊர் லீக்கில் எதிரெதிராக ஆடியவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒருவர் மற்றவருடைய முழங்காலைச் சுட்டி, "அது நான் அடிச்ச அடிதானே?" என்று இரண்டு முறை பெருமையோடு விசாரித்தாகிவிட்டது.

அனுமதி இலவசம். போனில் பதிவு செய்தால் போதும். அதனால் கூட்டம் பல தினுசு. ஹாக்கி ஆடியவர்கள், ஹாக்கியைப் பார்த்தவர்கள், அலுவலகம் முடிந்து நண்பர்கள் இழுத்து வந்ததால் வந்தவர்கள். மூன்றாம் வகையைச் சேர்ந்த ஆறு பேர் கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றாமல் முன்வரிசையில் இருந்தார்கள்.

"நம்ம கேப்டன் யாரு மச்சி?"

ஒருத்தன் போனைத் தடவினான். "ரோஹித்."

"டேய், ஹாக்கிடா."

"ஹாக்கியிலயும் ரோஹித்துதாண்டா. வேணா நீயே பாரு."

வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர்களில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் மைதானத்தின் ஓரத்தைக் காட்டினாள். "அங்க பாருங்க. ஸ்ரீஜேஷ்."

ஆறு போன்களும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. கோலுக்கு முன்னால் இந்தியப் பையன்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு போன்கூடத் திரும்பவில்லை.

அன்றைக்கு அந்த அரங்கில் அதிகம் காதில் விழுந்த பெயர் அதுதான். பதினெட்டு வருடம் இந்தியாவுக்கு கோல் காத்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம், பாரிஸில் ஒரு வெண்கலம், 336 சர்வதேச ஆட்டங்கள். பாரிஸ் முடிந்ததும் விடைபெற்றார். சீனியர் அணியில் அவருடைய 16ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. கையோடு ஜூனியர் அணியின் பயிற்சியாளர் பொறுப்பையும் கொடுத்தது. 2024 அக்டோபரில் ஜோகூர் கோப்பையில் முதல் பரீட்சை, வெண்கலம். டிசம்பரில் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பை, இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 5–3 என்று தோற்கடித்துத் தங்கம். 2025 அக்டோபரில் மறுபடி ஜோகூர், ஆஸ்திரேலியாவிடம் 1–2 என்று விட்டு வெள்ளி. இத்தனையையும் இந்தக் கூட்டத்தில் பலர் தேதிவாரியாகச் சொன்னார்கள். எந்த ஆட்டத்தில் யார் கோல் அடித்தார் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பார்கள்.

இடதுபக்கம் ஒரு மலையாளக் குடும்பம். ஆறேழு வயதுப் பையனின் சட்டை முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் 16 எழுதியிருந்தது. அப்பா அவனுக்கு அரைத் தமிழ் அரை மலையாளத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயக் குடும்பம், மகனுக்கு கோல்கீப்பர் உடுப்பு வாங்கக் காசில்லை, அப்பா பசுவை விற்றார் என்கிற கதை. ஸ்ரீஜேஷே பல இடங்களில் சொன்னதுதான். பையனுக்குக் கவலை வேறு. "அந்தப் பசு இப்ப எங்க?" என்று கேட்டான். அப்பாவிடம் பதில் இல்லை.

மேலே, படிக்கட்டை ஒட்டி, பதினைந்து பையன்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டிராக் சூட். பேச்சு கோவில்பட்டிப் பேச்சு. ஆட்டக்காரர்களுக்கான அரசு விடுதியும் செயற்கைத் தரையும் உள்ள ஊர் அது; மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குப் போனது அந்த விடுதியில் வளர்ந்துதான். பையன்களின் நடுவில் விசிலைக் கழுத்தில் மாட்டியபடி பி.டி. சார்.

"சார், இந்த டீமுல நம்ம ஊருக்காரன் ஒருத்தனும் இல்லயே?"

"இல்ல. அதுக்குத்தாம்ல உங்களக் கூட்டியாந்துருக்கு. பாரு."

அந்த வரிசையில் மட்டும் யாரும் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. யார் பந்தைத் தடுத்து நிறுத்துகிறான், யார் இழுத்து அடிக்கிறான், கோலுக்கு முன்னால் மட்டையைத் தரையோடு கிடத்திக்கொண்டு நிற்பவன் யார் என்பதிலேயே கண்ணாக இருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். அர்ஜென்டினா கோல் போட்டது.

கொடியை விரித்தவர்கள் விரித்தபடியே நின்றார்கள். ஒரு டிரம் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர்கள் வெளியே வரும் டாக்டரின் முகத்தைப் பார்ப்பதுபோல, அரங்கமே இந்திய பெஞ்சைப் பார்த்தது. இத்தனை தூரத்திலிருந்து முகம் எப்படித் தெரியும்? ஆனாலும் ஆளுக்கொரு முகத்தைச் சொன்னார்கள்.

"கோவமா இருக்காரு."

"சிரிக்கிறாரு பாருங்க. அவருக்கு இதெல்லாம் ஜுஜுபி."

"சேட்டனுக்கு டென்ஷன் கிடையாது. பாரிஸ்ல பத்துப் பேரை வச்சு பிரிட்டனை ஜெயிச்ச ஆளு."

அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய அந்தக் காலிறுதியை எல்லோருமே டிவியில் பார்த்திருக்கிறார்கள். அன்று ஷூட் அவுட்டில் காப்பாற்றிய கையை நம்பித்தான் இன்று இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள். அந்தக் கையில் இப்போது உறையும் இல்லை, மட்டையும் இல்லை என்பது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கால்பகுதி கோல் இல்லாமலே போனது. இடைவேளையில் டீ, சமோசா, வாக்குவாதம்.

"கோல்கீப்பருக்குக் கோல் போட என்னய்யா தெரியும்?" என்றார் தொப்பிக்காரர். "ஃபார்வர்டு ஆடினவன்தான் கோச்சா வரணும். 2016ல லக்னோவுல ஜெயிச்சாங்களே, யாரு கோச்சு? ஹரேந்திர சிங்."

"அதுக்கு முன்னாடி ஜெயிச்சது எப்போ?"

"2001. ஹோபர்ட். அர்ஜென்டினாவை ஆறுக்கு ஒண்ணு."

"ஆக மொத்தம் ரெண்டே ரெண்டு தடவை. நடுவுல எத்தனை ஃபார்வர்டு, எத்தனை கோச்சு வந்து போனாங்க? கோல்கீப்பரைச் சாதாரணமா நினைக்காதே. கிரவுண்டு மொத்தத்தையும் முன்னாடி வச்சுப் பாக்கிறவன் அவன் ஒருத்தன்தான். நீயும் நானும் பந்தை மட்டுமே பாத்துட்டு ஓடினவங்க."

தொப்பிக்காரர் சமோசாவைப் பிட்டுப் பாதியைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார். ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை.

மூன்று நாள் முன்பு அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5 என்று தோற்றது இன்னும் எல்லோர் வாயிலும் கசந்துகொண்டிருந்தது. அதுவரை கணக்கு எத்தனை இனிப்பு! சிலிக்கு 7, பாகிஸ்தான் விலகியதால் உள்ளே வந்த ஓமனுக்கு 17, சுவிட்சர்லாந்துக்கு 5. எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை. டிட்வா புயல் மழையில் ஊர் ஊறிக் கிடந்த அந்த வாரத்தில் 29 கோல் என்கிற எண்ணிக்கையே பலருக்கு உலகக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டிருந்தது. காலிறுதியில் பெல்ஜியம் கொஞ்சம் கண்ணைத் திறந்துவிட்டது. 2–2, பிறகு ஷூட் அவுட், 4–3. அங்கே கோல் காத்தவன் பிரின்ஸ்தீப் சிங். மறுநாள் பேசியவர்கள், "பாத்தியா, கீப்பருக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?" என்று அந்தப் புகழையும் பெஞ்சுக்கே அனுப்பிவிட்டார்கள். ஜெர்மனியிடம் ஐந்து வாங்கியபோது அதே வாதம் தலைகீழாக வந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் பையன்கள் கணக்கில் எதுவும் ஏறவில்லை.

மூன்றாவது கால்பகுதி முடியப்போகிற நேரம், 44ஆவது நிமிடம். அர்ஜென்டினாவின் இரண்டாவது கோல்.

இப்போது யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து தண்ணீர்ப் பாட்டில், குழந்தையின் செருப்பு என்று பொறுக்க ஆரம்பித்தது. அடையாள அட்டைப் பையன்களில் ஒருத்தன் வண்டி புக் பண்ணுவதற்காகப் போனை எடுத்தான்.

"பெரிய பிளேயர்னா பெரிய கோச்சு ஆயிடுவானா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

"ஒரு வருசம் ஆச்சு. இன்னும் என்ன கத்துக்கொடுத்தாரு?" என்று இன்னொரு குரல்.

ஆட்டம் தொடங்குமுன் ஸ்ரீஜேஷ் பெயரைச் சொல்லிக் கத்தியவர்களில் ஒருவர்தான் இரண்டாவது குரலுக்குச் சொந்தக்காரர். நெற்றியில் மூவர்ணம் இன்னும் கலையவில்லை.

மலையாளக் குடும்பத்து அப்பா திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, மகன் முதுகில் இருந்த 16ஐப் பார்த்து, அடக்கிக்கொண்டார்.

தொப்பிக்காரர் மட்டும் கூடச் சேர்ந்து திட்டவில்லை. "கோச்சை ஏன் சொல்றீங்க?" என்றார் சத்தமாக. "பதினஞ்சு நிமிசம் இருக்குல்ல? பசங்களைப் பாருங்கய்யா." கண்ணாடிக்காரர் ஆச்சரியத்தோடு அவர் பக்கம் திரும்பினார்.

கடைசிக் கால்பகுதி. 49ஆவது நிமிடம், இந்தியாவுக்கு பெனால்டி கார்னர்.

முன்வரிசைப் பெண் பின்னால் திரும்பி, "ஏன் அவங்க அஞ்சு பேர் மட்டும் கோலுக்குள்ள நிக்கிறாங்க?" என்று கேட்டாள். டிராக் சூட் பையன் ஒருத்தன் படியிறங்கி வந்துவிட்டான்.

"அப்படித்தான்க்கா ரூலு. கோல்கீப்பரையும் சேத்து அஞ்சு பேரு. மத்தவங்க சென்டர் லைனுக்குப் போயிரணும். இப்ப ஒருத்தன் உள்ள தள்ளுவான், ஒருத்தன் நிறுத்துவான், ஒருத்தன் அடிப்பான். அவன் அடிக்கத பாக்காதீங்க. கோலுக்கு முன்னாடி ஒருத்தன் குனிஞ்சு போவாம்லா, அவனப் பாருங்க."

அவன் சொல்லி முடிக்கவும் பந்து வலைக்குள் போகவும் சரியாக இருந்தது.

"யாரு? யாரு அது?"

"அங்கித் பால்!"

"யாரு?"

"அங்கித் பால்க்கா, அங்கித் பால்!"

வண்டி புக் பண்ண எடுத்த போன் பைக்குள் போனது. எழுந்த குடும்பம் படிக்கட்டிலேயே நின்றது.

52ஆவது நிமிடம். மறுபடி பெனால்டி கார்னர், மறுபடி கோல். இந்தத் தடவை அந்தப் பையன் சொல்வதற்காக முன்வரிசை காத்திருந்தது. "மன்மீத் சிங்" என்றான். மூன்று வரிசைக்கு அந்தப் பெயர் காதுக்குக் காது போனது. நான்காவது வரிசைக்குப் போனபோது "மன்ஜீத்" ஆகியிருந்தது. பி.டி. சார் எழுந்து கைகளைக் குவித்து, "மன்மீத்!" என்று திருத்தினார். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்துப் பழகிய குரல். எட்டு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

இரண்டுக்கு இரண்டு. பெஞ்சு இருந்த திசையில் இப்போது ஒரு போன்கூட உயரவில்லை. அங்கே அவர் நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, யாருக்கும் தெரியாது. கோலுக்கு முன்னால் நீல வட்டத்துக்குள்ளேயே எல்லோர் கண்ணும்.

57ஆவது நிமிடம். பெனால்டி ஸ்ட்ரோக். எதிரே கோல்கீப்பர் மட்டும். நடுவில் பந்து.

"இதை யாரு அடிப்பாங்க?" என்று தொப்பிக்காரர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டார். இந்த ஊர் லீக்கில் எத்தனையோ வருடம் ஆடியவர், பதினான்கு வயதுப் பையனிடம் கேட்டார்.

"சர்தானந்த் திவாரி தாத்தா. அவரு விடமாட்டாரு."

விடவில்லை. 3–2. அரங்கத்தின் இரைச்சலில் டிரம் சத்தம் அமுங்கிப்போனது. அடுத்த நிமிடமே இன்னொரு பெனால்டி கார்னர். கூட்டம் இப்போது கேட்கவில்லை, தானாகச் சொன்னது: "எக்கா! எக்கா!" ஒடிசாவிலிருந்து வந்த அன்மோல் எக்கா. பந்து வலையில். 4–2.

பதினோரு நிமிடம் முன்பு அந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் யாராவது உச்சரித்திருந்தால், உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் யார் அது என்று கேட்டிருப்பார்கள்.

கடைசி விசில். கண்ணாடிக்காரர் தொப்பிக்காரரின் தொப்பியைப் பிடுங்கி மேலே எறிந்தார். அது முன்வரிசைப் பெண்ணின் மடியில் விழுந்தது. அவள் அதைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். "நாலாவது இல்லய்யா, நாலாவது இல்ல" என்று தொப்பிக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 2016 லக்னோ தங்கத்துக்குப் பிறகு ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம். ஒன்பது வருடம்.

"ஒரு வருசத்துல என்ன கத்துக்கொடுத்தாரு?" என்று கேட்டவர் இப்போது பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து, "நான் அப்பவே சொன்னேன்ல? ஸ்ரீஜேஷ் இருக்கிறப்ப பயமே இல்ல" என்று குலுக்கிக்கொண்டிருந்தார். தோளுக்குச் சொந்தக்காரர் மறுக்கவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. வெண்கலம் கிடைத்துவிட்டது, வந்த காரியம் முடிந்தது. மலையாளக் குடும்பத்துப் பையன் போகிற வழியில் அப்பாவிடம், "16 அழிச்சிட்டு வேற நம்பர் எழுதித் தருவீங்களா?" என்று கேட்டான். எந்த நம்பர் என்று அப்பா கேட்டதற்கு, "அந்த எக்காவோட நம்பர்" என்றான். அது எத்தனை என்று இருவருக்குமே தெரியவில்லை. திரும்பி நின்று மைதானத்தைத் தேடினார்கள்.

அடையாள அட்டைக் கூட்டத்தில் நான்கு பேர் கிளம்பினார்கள், இரண்டு பேர் தங்கினார்கள். தொப்பியும் கண்ணாடியும் நகரவே இல்லை. ஜெர்மனி ஆடுவதைப் பார்க்காமல் போகிற வழக்கம் அவர்களுக்கு இல்லையாம்.

கோவில்பட்டிப் பையன்களில் பாதிப் பேருக்குப் பசி. பி.டி. சார் வாழைப்பழத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"இனிமேதாம்ல பாடம். நம்மளுக்கு அஞ்சு போட்டவன் எப்படி ஆடுதாம்னு பாருங்க. கைதட்டதுக்கு மட்டும் வரல."

படியிறங்கிப் போய் விளக்கம் சொன்ன பையன் விரல் விட்டுக்கொண்டிருந்தான். "சார், இந்தத் தடவ 2004லயும் அதுக்கு அப்புறமும் பொறந்தவங்கதான ஆடுதாங்க? நான் 2011. அப்ப எனக்கு 2027, 2029, 2031. மூணு சான்ஸ் இருக்கு சார்."

"மொதல்ல மாவட்ட டீமுக்குள்ள ஏறுல. அப்புறம் உலகக் கோப்பைக்குத் தேதி குறிக்கலாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அப்பவும் ஸ்ரீஜேஷ்தான் கோச்சா இருப்பாரா சார்?"

"யாரு கோச்சா இருந்தா உனக்கென்ன? பெனால்டி கார்னர்ல பந்த அவரா வந்து நிறுத்தப்போறாரு? நேத்து ப்ராக்டிஸ்ல பத்துக்கு நாலு விட்ட. அதப் பேசு."

"மூணுதான் சார் விட்டேன்."

"நாலு."

கீழே ஜெர்மனியும் ஸ்பெயினும் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தன. அந்த ஆட்டம் 1–1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 3–2 என்று ஜெர்மனி பக்கம் போனது, எட்டாவது பட்டம். பெனால்டி கார்னர் வந்தபோதெல்லாம் பையன் பந்தை நிறுத்துகிறவனை மட்டும் பார்த்தான். நடுவில் ஒருமுறை பி.டி. சார் பக்கம் சாய்ந்து, "மூணுதான் சார்" என்றான்.